லாலியின் முற்றுகை: கோட்டைக்கு வடக்கே 65 நாள்

ஹைகோர்ட் வளாகம் இருக்கும் நிலமும், அதிலிருந்து கோட்டையின் வடக்கு மதில் வரை உள்ள நிலமும் 1758 டிசம்பர் 14 முதல் 1759 பிப்ரவரி 17 விடியற்காலை வரை பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரின் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட போர்க்களமாக இருந்தன. பாரிமுனைக்கும் மண்ணடிக்கும் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அன்றைய பிரெஞ்சு முகாமுக்குள்தான் நடக்கிறார்கள். வந்தவாசிப் போர் தெரிந்த அளவுக்கு இந்த முற்றுகை நம் ஊர்க்காரர்களுக்கே தெரியாது. சென்னை தப்பித்ததால்தான் ஓராண்டு கழித்து வந்தவாசியே நடந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படையெடுத்து வந்தவன் யார், ஊரைக் காத்தவன் யார் என்று இங்கே எளிதில் பிரிக்க முடியாது. மதிலுக்கு உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் கடல் தாண்டி வந்தவர்களின் கொடி. இரண்டு பக்கமும் துப்பாக்கி தூக்கியவர்களில் பாதிக்கு மேல் நம் மண்ணின் சிப்பாய்கள். கொள்ளை போனதும் நம் வீடுகள்தான். அதனால் இங்கே யாருக்கும் கொடி பிடிக்கப் போவதில்லை. எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதியாக இருந்த ஒரு படை எப்படித் தாக்குப்பிடித்தது, பெரிய படை எங்கெங்கே சறுக்கியது என்பதுதான் விஷயம். மணல், செங்கல்பட்டு ரோடு, கடல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் லாலியைத் தோற்கடித்தன என்பது என் தீர்மானம்.

பின்னணி சுருக்கமாக. 1746இல் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே கப்பல்களோடு வந்தபோது செயிண்ட் ஜார்ஜ் கோட்டை சில நாள் குண்டுவீச்சிலேயே பணிந்துவிட்டது. சண்டையிடத் தகுதியாக உள்ளே இருந்தவர்கள் இருநூறு பேர் அளவுதான், மதிலும் மெல்லியது. 1749இல் ஒப்பந்தப்படி ஊர் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர் கோட்டையைத் திருத்தி எழுப்பத் தொடங்கினார்கள். மேற்கில் மதிலை ஒட்டி ஓடிய ஆற்றைத் திருப்பிவிட்டு, பழைய படுகையைத் தூர்த்து, கோட்டையை அந்தப் பக்கம் அகலமாக்கினார்கள். முற்றுகை நடந்தபோது தலைமைப் பொறியாளர் ஜான் கால். வடக்கு மதிலை ஒட்டி நம் மக்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்களே தங்கள் ஆட்சிக்காலத்தில் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்த வெட்டவெளி பிற்பாடு அவர்களுக்கே வினையாக வந்தது. முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்று அதற்கு வடக்கே வளர்ந்த பகுதிதான் 1758இல் கறுப்பர் நகரம், இப்போதைய ஜார்ஜ் டவுன்.

லாலி 1758 ஏப்ரல் 28இல் இந்தியக் கரைக்கு வந்தார். ஜூன் 2இல் கடலூர் செயிண்ட் டேவிட் கோட்டை அவர் கையில். அக்டோபரில் ஆற்காடு. ஆங்கிலேயரிடம் இந்தக் கரையில் பெரிதாக மிச்சமிருந்தவை சென்னையும் திருச்சியும் செங்கல்பட்டும்தான். இடையில் தஞ்சாவூர் மேல் பணத்துக்காகப் படையெடுத்து, கீவளூரில் கோயிலைத் துழாவி, அங்கிருந்த பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டு, வெறுங்கையோடு திரும்பினார். முன்னதாகப் புதுச்சேரியில் சாதி பார்க்காமல் ஆட்களைப் பிடித்து வண்டியிழுக்கவும் சுமை தூக்கவும் வைத்திருந்தார். இவற்றின் விளைவு ஒழுக்கக்கேடு என்ற அளவோடு நிற்கவில்லை. முற்றுகை என்பது முக்கால் பங்கு மண் சுமக்கும் வேலை. சுமக்க ஆள் வராவிட்டால் தளபதி எத்தனை கெட்டிக்காரனாக இருந்தும் பயனில்லை.

ஆள் கணக்கைப் பார்ப்போம். கோட்டைக்குள் ஐரோப்பியர் 1,758 பேர், சிப்பாய்கள் 2,220 பேர், ஆற்காட்டு நவாபின் குதிரைவீரர் சுமார் 200 பேர். கவர்னர் ஜார்ஜ் பிகட், படைத்தலைமை ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ். வெளியே ஐரோப்பியர் ஏறத்தாழ 2,300, சிப்பாய்கள் ஏறத்தாழ 5,000. நாலாயிரத்துச் சொச்சத்துக்கு எதிரே ஏழாயிரத்துச் சொச்சம். கேட்கப் பெரிய வித்தியாசம். ஆனால் மதில்போரில் தாக்குபவனுக்கு மூன்று மடங்காவது ஆள் வேண்டும். குழி வெட்ட ஒரு பங்கு, வெட்டுபவனைக் காக்க ஒரு பங்கு, ஓய்வில் ஒரு பங்கு. போதாததற்குப் பின்னாலிருந்து வரும் சாமான் வண்டிகளுக்குக் காவலும் போட வேண்டும். இரண்டு மடங்குக்கும் குறைவான ஆளோடு வந்த லாலி தொடக்கத்திலேயே கழுத்தளவு கடனில்தான் இருந்தார்.

டிசம்பர் 14 அன்று பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. தடுக்க யாரும் இல்லை. படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து கொள்ளையடித்தார்கள், கிடங்குகளில் இருந்த சாராயத்தைக் குடித்தார்கள். இதைக் கேள்விப்பட்ட கோட்டை, அன்று காலையிலேயே கர்னல் டிரேப்பர் தலைமையில் சுமார் 600 பேரையும் இரண்டு பீரங்கிகளையும் வெளியே அனுப்பியது. தொடக்கம் பிரமாதம். பிரெஞ்சுப் படையின் லொரேன் ரெஜிமென்ட் நிலைகுலைந்தது. பிரெஞ்சு அதிகாரி தெஸ்தேன் பிரபு சிறைப்பட்டார். ஆனால் ஒடுங்கிய தெருவில் பீரங்கிகளை வைத்துக்கொண்டு அகலமாகப் பரவி நிற்க முடியாது. பக்கத்துத் தெருக்கள் வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் சுற்றி வந்ததும் டிரேப்பர் பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து இருநூறுக்கு மேல் இழப்பு. கோட்டைப் படையின் மேஜர் போலியே படுகாயமடைந்து இறந்தார். 1,758 பேரில் இருநூறு என்பது ஒரே முற்பகலில் ஒன்பதில் ஒரு பங்கு. துணிச்சலான முயற்சிதான். ஆனால் ஆள் குறைவாக இருக்கும் படை முதல் நாளே இப்படிச் செலவழிப்பது தவறு என்றே நினைக்கிறேன். திரும்பும் வழியைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி மறித்திருந்தால் அறுநூறு பேரும் போயிருப்பார்கள். அவர் மறிக்காதது அந்தப் படைக்குள்ளேயே பெரிய சண்டையானது.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று வாரம் பெரிய தாக்குதல் எதுவும் இல்லை. காரணம், மதிலை உடைக்கும் கனரகப் பீரங்கிகள் வந்து சேரவில்லை. 24 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி ஒன்று இரண்டரை டன் எடைக்குக் குறையாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு புதுச்சேரியிலிருந்து அதை மாட்டு வண்டியில் இழுத்துவர, ஆறுகளும் சேறும் நடுவே நிற்கின்றன. கடல்வழி கொண்டுவரலாம் என்றால் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தாஷே செப்டம்பரிலேயே மொரீஷியஸுக்குப் போய்விட்டார். பிரெஞ்சுப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியது 1759 ஜனவரி 2 அன்றுதான்.

மதிலை உடைப்பதற்கு ஒரு முறை உண்டு. கண்ட இடத்தில் சுட்டால் செங்கல்லும் சுண்ணாம்பும் குண்டை விழுங்கிக்கொள்ளும். சுவரின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் படுக்கைவாட்டில் ஒரு கோடு வெட்டுவதுபோல வரிசையாகச் சுட வேண்டும். பிறகு இரு முனைகளிலும் செங்குத்தாக மேல்நோக்கி வெட்ட வேண்டும். அப்போது அந்தத் துண்டு தன் எடையாலேயே சரிந்து அகழிக்குள் விழும். விழுந்த இடிபாடே ஏறிப்போகச் சரிவாகும். ஆனால் கோட்டைக்கு வெளியே மண்ணைச் சரிவாகக் கொட்டி மதிலின் அடிப்பகுதியைப் பார்வையிலிருந்து மறைத்திருப்பார்கள். அந்தச் சரிவின் உச்சி வரை பீரங்கியைக் கொண்டுபோனால்தான் அடிச்சுவர் கண்ணில் படும். அவ்வளவு தூரம் போக, கோட்டையின் குண்டு நேராகப் பாயாதபடி வளைந்து வளைந்து பள்ளம் வெட்டிக்கொண்டே முன்னேற வேண்டும்.

லாலி தேர்ந்தெடுத்தது வடகிழக்கு முனையை, மதிலிலிருந்து துருத்திக்கொண்டு கடலை ஒட்டி நின்ற அரைக்கொத்தளத்தை. அன்று துறைமுகம் கிடையாது. இன்றைய ராஜாஜி சாலையின் கடற்பக்கத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. கறுப்பர் நகரத்தின் கடலோர முனையில் அவர் பெயரிலேயே ஒரு பீரங்கி மேடை, மேற்கே லொரேன் ரெஜிமென்ட்டின் மேடை. ஒரு பக்கம் கடல் இருப்பதால் அந்தப் பக்கத்துக் காவல் மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த நிலம் முழுக்க மணல்.

மணலில் பள்ளம் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கச்சுவர் நிற்காது. ஒரு ஆள் ஆழத்துக்கு வெட்ட, மேலே மூன்று மடங்கு அகலம் வேண்டும். வெட்டிய மணலைப் பின்னிய கூடைகளில் நிரப்பி வரிசையாக அடுக்கித்தான் தடுப்பு எழுப்புவார்கள். உலர்ந்த மணல் கூடையின் இடுக்கு வழியே கசிந்து ஓடிவிடும். ஒரு குண்டு கூடையைக் கிழித்தால் போதும், அந்த இடத்தில் தடுப்பே இல்லை. எனவே மூட்டைகள் வேண்டும், விறகுக்கட்டுகள் வேண்டும், அவற்றைத் தூக்க ஆள் வேண்டும். அதோடு கடற்கரையில் கொஞ்சம் ஆழம் போனாலே தண்ணீர் ஊறும். பள்ளத்தை ஆழமாக்க முடியாதபோது தடுப்பை உயரமாக்க வேண்டும், உயரமானால் கோட்டைக்கு நல்ல குறியாகிவிடும். சுரங்கம் தோண்டுவதற்கும் இதே தொல்லை. அகழியின் வெளிக்கரைச் சுவரைச் சுரங்கம் வைத்துத் தகர்த்தபோதும் இறங்கும் வழி கோட்டைப் பீரங்கிகளின் வாய்க்கு நேர் எதிரே அமைந்ததால் அது பயன்படவில்லை.

மேற்கே இருந்த பழைய ஆங்கிலேயர் இடுகாட்டின் கல்லறைகள் பிரெஞ்சுக்காரர்களுக்கு நல்ல மறைவாக அமைந்தன. பிற்பாடு சட்டக் கல்லூரி எழுந்த இடம் அது. முற்றுகைக்குப் பிறகு கல்லறைக் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் செயிண்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்துவிட்டார்கள். அடுத்த எதிரிக்கு மறைவு கிடைக்கக் கூடாதே.

கோட்டையின் பக்கம் எப்படி? பகலில் உடைந்ததை இரவில் மணல்மூட்டை வைத்து அடைப்பது, சாய்ந்த பீரங்கியை வேறு வண்டியில் ஏற்றுவது, பள்ளத்தின் முனை நெருங்கியதும் கையெறி குண்டு வீசுவது. இரவில் சிறு குழுக்கள் வெளியே போய், மருந்துக்குத் தீ வைக்கும் துளையில் ஆணி அறைந்துவிட்டு வந்தால் எதிரியின் பீரங்கி செத்த மாதிரி. முற்றுகை முடிந்ததும் எடுத்த கணக்கு துல்லியமாக இருக்கிறது: பீரங்கிக் குண்டுகள் 26,554, வெடிகுண்டுகள் 7,502, கையெறி குண்டுகள் 1,990, துப்பாக்கித் தோட்டாக்கள் 2,00,000, வெடிமருந்து 1,768 பீப்பாய். பீப்பாய்க்கு 100 பவுண்டு என்று வைத்தால் 80 டன். 65 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 400 பீரங்கிக் குண்டுக்கு மேல். இந்த இருப்பு முன்கூட்டியே கிடங்கில் இருந்தது. அதுதான் ஆள் குறைவை ஈடுகட்டியது.

பிரெஞ்சுப் பக்கம் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மதிலை உடைக்க ஒரு 24 பவுண்டு பீரங்கி ஒரு முறை சுட மூன்றரைக் கிலோ மருந்து வேண்டும். பத்துப் பீரங்கி நாளுக்கு நூறு முறை சுட்டால் மூன்றரை டன். ஒவ்வொரு நாளும். அது புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். இத்தனை தட்டுப்பாட்டில் அவர்கள் செய்த பெரிய பிழை, கைவசமிருந்த வெடிகுண்டுகளில் பெரும்பகுதியை மதிலின் பீரங்கிகள் மேல் போடாமல் கோட்டைக்குள் இருந்த வீடுகள் மேல் போட்டது. சுமார் 8,000 வெடிகுண்டுகள். வீடுகள் சிதைந்தன, கோட்டையின் சுடும் திறன் குறையவில்லை. செயிண்ட் மேரி தேவாலயம் செங்கல் வளைவுக் கூரை போட்ட தடித்த கட்டடம், அதற்குப் பெரிய சேதமில்லை.

அடுத்தது செங்கல்பட்டு. சென்னைக்குத் தென்மேற்கே 56 கிலோமீட்டரில், புதுச்சேரி வழியின் பக்கவாட்டில் இருக்கும் கோட்டை. லாலி அதைப் பிடிக்காமல் தாண்டி வந்தார். பணமும் நேரமும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம், பொய்யும் இல்லை. ஆனால் அதற்குள்ளிருந்த ஆங்கிலேய அதிகாரி பிரெஸ்டனும், தெற்கிலிருந்து சிப்பாய்களோடு வந்த கம்பெனிப் படைத்தலைவர் யூசுப் கானும் சேர்ந்து பிரெஞ்சு வண்டிகளை நிம்மதியாக வரவிடவில்லை. முற்றுகைப் படையிலிருந்து ஆளைப் பிய்த்து இவர்கள் மேல் ஏவ வேண்டியதாயிற்று. பிப்ரவரி 9 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் ஆங்கிலேய அதிகாரி கையோ (காலியாட் என்றும் எழுதுவார்கள்) தலைமையில் இவர்கள் நாள் முழுக்க நின்று சண்டையிட்டார்கள். மாலையில் பிரெஞ்சுக்காரர்கள்தான் விலகினார்கள். மதிலுக்கு வெளியே அலைந்த இந்தச் சிறு படை இல்லாவிட்டால் மதிலுக்கு உள்ளே இருந்தவர்களின் பிடிவாதம் பட்டினியில் முடிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யூசுப் கான் என்ற மருதநாயகத்தை இதே கம்பெனியும் நவாபும் 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

பிறகு கடல். இங்கே படகோட்டிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். அலை உடையும் இடத்தைத் தாண்ட மசூலா படகுதான் வழி. ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது பலகை நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியடித்த படகு பிளந்துவிடும். இதை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள் மட்டுமே. முற்றுகையின் நடுவே சில ஆங்கிலேயப் பெண்களைச் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்களிடம் படகில் அனுப்பினார்கள். போனால் அங்கே பிரெஞ்சுக்காரர்கள். பிடித்த படகுகளில் வெடிமருந்துப் பீப்பாய்களை ஏற்றி, காவலுக்கு வீரர்களையும் ஏற்றி லாலியின் முகாமுக்கு அனுப்பினார்கள். இரவில் காவலாளிகள் தூங்கும்போது படகோட்டிகள் அவர்களுடைய துப்பாக்கிகளில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவர்களை மடக்கி, மருந்தோடு கோட்டைக் கரையிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். தளபதிகள் பெயரெல்லாம் பதிவாகியிருக்கும் இந்த முற்றுகையில் ஆகச் சிறந்த காரியத்தைச் செய்தவர்களின் பெயர் பதிவாகவில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

ஜனவரி 30இல் ஷாப்ட்ஸ்பரி என்ற கம்பெனிக் கப்பல் வெள்ளிப் பெட்டிகளும் தளவாடமுமாக வந்து கோட்டைக்கு அருகிலேயே நின்றது. உள்ளே சம்பளம் தடையில்லை. வெளியே பிரெஞ்சுப் படைக்கோ சம்பளப் பாக்கி, ஓட்டம், புலம்பல். பிப்ரவரியில் மதிலில் உடைப்பு விழுந்துவிட்டது, ஏறலாம் என்றார் லாலி. உடைப்பில் ஏறலாம், அதை நெருங்கத்தான் முடியாது என்றார்கள் அவருடைய பொறியாளர்கள். இந்த விவாதத்தில் நான் பொறியாளர்கள் பக்கம். முள்வேலியாக நட்ட மரக்கம்புகள் அப்படியே இருந்தன. பக்கவாட்டுப் பீரங்கிகளும் அடங்கவில்லை.

பிப்ரவரி 16 மாலை ஆறு ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்தன. கெம்பன்பெல்ட் தலைமையில் பம்பாயிலிருந்து 600 வீரர்களோடு வந்தவை. அன்றிரவு பிரெஞ்சுப் பள்ளங்களிலிருந்து துப்பாக்கி வெடித்துக்கொண்டே இருந்தது. விடியும் முன் அவர்கள் போய்விட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளையும் தங்கள் நோயாளிகளையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் சிப்பாய்களில் 105 பேர் செத்திருந்தார்கள், 217 பேர் காயம், 440 பேர் நடுவிலேயே விட்டுப் போயிருந்தார்கள். விட்டுப் போனவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. குடும்பம் கறுப்பர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் எதிரி கையில் இருக்க, எவன் உள்ளே இருப்பான்?

லாலி 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஒப்படைத்தார். 1766இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டார்.

சென்னையில் அடுத்து நடந்தது மண்வெட்டி வேலை. கோட்டைக்கு வடக்கே இருந்த வெட்டவெளியை இன்னும் அகலமாக்கினார்கள். இந்த எல்லைக்குள் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் ஆறு எல்லைத்தூண்கள் நட்டார்கள். அதில் மிஞ்சிய ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. வடக்கு விளிம்பிலும் மேற்கு விளிம்பிலும் ஒரு மதில் எழுந்தது, ஹைதர் அலியின் பயம் அதைத் துரிதப்படுத்தியது. அந்த மதிலுக்காக நினைத்த வரிதான் வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பெயர் தந்தது. வரி வசூலாகவே இல்லை. மதிலின் மிச்சம் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் இருக்கிறது.

பார்க்க நினைப்பவர்கள் மாடிப் பூங்காவில் தொடங்கி, மண்ணடி வழியாகப் பாரிமுனைத் தூணுக்கு வந்து, ஹைகோர்ட்டைச் சுற்றிக்கொண்டு கோட்டைக்குப் போவது நல்லது. லாலி கோட்டையைத் தாக்கிய திசையும் அதுவே, மதிலுக்கும் ஊருக்கும் நடுவே எவ்வளவு வெட்டவெளி என்பது காலுக்குத் தெரியும். வெயிலுக்கு முன் தொடங்குங்கள். கோட்டை வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.